1870-க்கு மேலே போகாத மரம்

வணக்கம் ஐயா,

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையும் வேலை கொடுத்தார்கள். அவள் ஏழு தலைமுறை வரைந்தாள். அவளுடைய கறுப்பினத் தோழியின் மரம் 1870-உடன் நின்றுவிட்டது. அதற்கு மேல் பெயர் கிடைக்காது என்று அந்தப் பிள்ளையின் பாட்டி சொன்னாராம். “ஏம்மா?” என்று கேட்கிறாள். அடிமைமுறையை இந்த வயதில் எப்படிச் சொல்வது? நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள், எங்களுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பாட்டி சொன்னது சரிதான். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். அநேகமாக எங்கேயும் பெயர் கிடையாது. விடுதலையானவர்கள் பெயரோடு வருவது 1870-இல்தான். அந்த அட்டவணைப் பக்கம் ஒன்றை இணையத்தில் எடுத்து மகளிடம் காட்டுங்கள். சாட்டையடிப் படமெல்லாம் இப்போது வேண்டாம்.

லிங்கனில் தொடங்காதீர்கள். அவருடைய அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1. உங்கள் ஊருக்குப் பக்கத்து கால்வெஸ்டனில் அடிமைகள் எல்லோரும் விடுதலை என்று வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சரின் ஆணை வந்தது 1865 ஜூன் 19. அதுவரை டெக்சாஸில் சுமார் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாகவே இருந்தார்கள். அந்த ஆணையிலும், இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை பாருங்கள் என்று ஒரு அறிவுரை! பலர் கேட்கவில்லை. விற்கப்பட்ட அம்மாவை, பிள்ளையைத் தேடிக் கிளம்பினார்கள். கறுப்பினத்தவரின் பத்திரிகைகளில் பல பத்தாண்டுகள் ‘தகவல் வேண்டும்’ விளம்பரங்கள் வந்தன: அம்மாவின் பெயர் இது, இன்னாரிடம் விற்றார்கள், கடைசியாகப் பார்த்தது இந்த ஊரில். அம்மாவைத் தேடிப் போவது பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

தோழியைத் துருவிக் கேட்க மட்டும் விடாதீர்கள். பாட்டியாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம், தொடர்பில்லை என்கிறீர்கள். 1843-இல் கம்பெனி ஆட்சி ஒரு சட்டம் போட்டது: ஒருவரை என் அடிமை என்று சொல்லி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. அதற்குப் பிறகும் தஞ்சையில், நிலக்காரரிடம் கட்டுண்டு வேலை செய்யும் பண்ணையாள் முறை நீடித்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஊருக்கு போன் போட்டு, உங்கள் நிலத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேளுங்கள். மகளும் பக்கத்தில் இருக்கட்டும். எத்தனை பெயர் கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.