பூனைக்குட்டிக்கு எந்த வயதில் கருத்தடை? வாசகர் கேள்விகளுக்கு மிருக வைத்தியரின் பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் அதிகமானவை பூனைக்குட்டிகளைப் பற்றியவை. எழுதியவர்கள் எல்லோரும் குட்டியைப் பிள்ளை போல வளர்ப்பவர்கள். ஆனாலும் பலருக்கு ஒப்பரேஷன் ஞாபகம் வருவது குட்டியின் வயிறு பெருத்த பிறகுதான். அதனால் அந்த நிலைக்கு ஒரு படி முன்னால் நிற்கும் கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

எங்கட பெட்டைக் குட்டிக்கு அஞ்சு மாசம். ரெண்டு நாளா நிலத்தில புரண்டு புரண்டு கத்துது. சாப்பாடும் குறைவு. வயித்துக்குத்தா, இல்லாட்டி நஞ்சு ஏதும் திண்டிருக்குமா டொக்டர்? (வாசகி, கல்லடி)

முதுகில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முன்கால்களை நிலத்தோடு பதித்து, பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு பின்கால்களை மாறி மாறி மிதிக்கிறதா? அப்படியென்றால் அது நோயல்ல, வேட்கை. நஞ்சு தின்ற பூனை உங்கள் கைக்கு இப்படிக் குழைந்து வராது. வாந்தி, வாயில் நுரை, நடுக்கம், சோர்ந்துபோய் மூலையில் ஒதுங்குதல் என்று ஏதாவது தெரியும். அவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

ஐந்து மாதத்தில் வேட்கையா என்று பலர் நம்புவதில்லை. நன்றாகத் தின்று வளரும் பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். ஒருமுறை வந்தால் ஏறக்குறைய ஒரு வாரம் நிற்கும். கடுவன் சேராவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் திரும்ப வரும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் இது தானாக நின்றுபோகும், ஏனென்றால் பூனையின் பருவத்தைப் பகல்வெளிச்சத்தின் நீளம் ஆளுகிறது. நம்முடைய கிழக்குக் கரையிலோ வருடம் முழுவதும் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கிறது. மாரியும் கோடையும் பூனைக்கு ஒன்றுதான், ஓய்வு மாதம் என்று எதுவும் கிடையாது. இன்னொன்று, பூனைக்கு முட்டை வெளியாவதே சேர்க்கை நடந்த பிறகுதான். அதனால் ஒரு இரவு கதவு திறந்து கிடந்தாலே சினைப்படப் போதும். ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். உங்கள் குட்டி இன்று சினைப்பட்டால் ஏழு மாதத்தில் தாயாகும். அந்த வயதில் அதுவே வளர்ந்து முடியாத குட்டி.

இப்போது செய்ய வேண்டியது: யன்னல், கூரை இடுக்கு எல்லாம் பார்த்து வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். வேட்கை நேரத்திலும் ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் கருப்பைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் பருத்திருக்கும் என்பதால் பல வைத்தியர்கள் அது அடங்கும்வரை பொறுப்பார்கள். கத்தல் நின்ற அடுத்த வாரத்துக்கு இன்றே நாள் எடுத்துவிடுங்கள். நின்றுவிட்டதே என்று ஆறுதலாக இருந்தால் அடுத்த வேட்கை வந்துவிடும்.

ஒருவர் ஆறு மாதம் என்கிறார், இன்னொருவர் ஒரு வருடம் என்கிறார். சரியான வயது எது? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

நாலு மாதம் முடிந்து ஐந்து மாதம் நிறைவதற்குள். பெட்டைக்கும் கடுவனுக்கும் இதே கணக்கு.

ஆறு மாதம் என்பது பழைய வழக்கம். சிறு குட்டிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது இப்போதுபோலப் பாதுகாப்பாக இல்லாத காலத்தில் ஊன்றிப்போனது. 2016இல் அமெரிக்காவில் மிருக வைத்திய நிபுணர்கள் கூடி, இருந்த ஆய்வுகளையெல்லாம் பார்த்து ஐந்து மாத வயதுக்குள் செய்வதையே பரிந்துரைத்தார்கள். அடுத்த வருடம் அந்நாட்டு மிருக வைத்தியர் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. பூனைக் காப்பகங்களில் எட்டு வாரத்திலேயே செய்கிறார்கள், குட்டி ஒரு கிலோ இருந்தால் போதும் என்று.

வீட்டுக் குட்டிக்கு அத்தனை அவசரம் இல்லை. நான் மாதத்தோடு நிறையையும் பார்ப்பேன். சோறும் சூடை மீனும் தின்று வளரும் நம் ஊர்க் குட்டிகள் கொஞ்சம் மெலிந்தவை. நாலு மாதத்தில் ஒன்றரைக் கிலோ இருந்தால் எனக்குத் திருப்தி. வீட்டில் தராசு இல்லாவிட்டால் பக்கத்துக் கடையில் கூடையோடு நிறுத்து, கூடையின் நிறையைக் கழியுங்கள். நிறை குறைவு, வயிறு மட்டும் ஊதியிருக்கிறது என்றால் பெரும்பாலும் பூச்சிதான். பூச்சி மருந்து கொடுத்து இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட விடுங்கள். எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகளையும், மூன்று மாதத்தில் போடும் விசர்நோய்த் தடுப்பூசியையும் ஒழுங்காகப் போட்டு வந்தால், அவை முடியும் நேரமும் ஒப்பரேஷனுக்கான நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

முதல் ஒருக்கா குட்டி போட்டால்தான் பூனைக்கு நல்லது என்று மாமி சொல்லுறா. உண்மையா? (வாசகி, திருக்கோவில்)

மாமி பூனையின் மேலுள்ள இரக்கத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பலன் நேர்மாறானது. பெட்டைப் பூனைக்குப் பால்மடியில் கட்டி வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது புற்றுநோயாகவே இருக்கும். 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த ஆபத்து 91 வீதம் குறைந்திருந்தது. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் செய்தவற்றுக்கு 86 வீதம். இரண்டு வயது கடந்த பிறகு செய்தவற்றில் அந்தப் பாதுகாப்பு காணப்படவில்லை. கருப்பையில் சீழ் கட்டும் நோயும் இருக்கிறது. கருப்பையை எடுத்த பூனைக்கு அது வராது.

இதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். அதோடு, பிறக்கும் நாலைந்து குட்டிகளை எடுக்க நாலைந்து வீடு இருக்கிறதா என்றும் சேர்ந்து யோசியுங்கள். சந்தையடியிலும் கோயில் வாசலிலும் அட்டைப்பெட்டியில் விடப்பட்டுக் கிடக்கும் குட்டிகள் பலவும் "ஒரு தடவை மட்டும்" என்று விடப்பட்ட பூனைகளின் குட்டிகள். கண் பீளை கட்டி, ஈ மொய்த்து வரும் அவற்றைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் தாங்குவதில்லை.

எங்கட ஊட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்ய மார்க்கத்தில அனுமதி இருக்கா? (வாசகி, காத்தான்குடி)

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். அவரிடம் கேட்கும்போது இந்த மருத்துவ விபரங்களையும் சொல்லுங்கள்: முழு மயக்கத்தில், வலிநிவாரணி கொடுத்துச் செய்யப்படுகிறது. பெட்டைக்குப் புற்றுநோயும் கருப்பைச் சீழும் தடுக்கப்படுகின்றன. செய்யாவிட்டால் பிறக்கும் குட்டிகளில் பலவும் தெருவில் பசியால் சாகின்றன. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்டதைச் சொல்லும் ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்ததே. பூனை வதைபடக் கூடாது என்ற கவலையில்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது.

ஒப்பரேஷனுக்குப் பதிலாக, குட்டி போடாமல் இருக்க ஊசி போட்டால் என்ன? (வாசகர், வாழைச்சேனை)

வேண்டாம். அந்த ஊசியில் இருக்கும் ஹோர்மோன் பால்மடியை வீங்க வைக்கும், கருப்பையில் சீழ் கட்டவும், நீரிழிவு வரவும் வழிவிடும், மடிப் புற்றுநோயின் ஆபத்தையும் கூட்டும். செலவு குறைவு என்று தொடங்கி, கடைசியில் அவசர ஒப்பரேஷனில் முடியும்.

தாய்ப்பூனை மூன்று குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது. இப்போது செய்யலாமா? பால் கொடுக்கும்போது திரும்பச் சினைப்படாது என்கிறார்களே? (வாசகி, ஏறாவூர்)

அது தவறு. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். குட்டிகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகி, தாங்களாகத் தின்னத் தொடங்கியதும் பாலை மறக்க வைத்து, மடி வற்ற இரண்டு வாரம் விட்டுச் செய்வது நல்லது. அதுவரை தாய் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்க்கவே முடியாத வீடு என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள், மடியைத் தொடாமல் வயிற்றின் பக்கவாட்டில் கீறிச் செய்யும் முறையும் உண்டு.

அந்த மூன்று குட்டிகளையும் மறக்க வேண்டாம். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் அண்ணனும் தங்கையும் விலகி நிற்காது. நாலு மாதத்தில் மூன்றையும் ஒரே நாளில் கொண்டுபோய்விடுங்கள்.

நாங்கள் படுவான்கரையில். மட்டக்களப்பு டவுனுக்குத்தான் கொண்டுவர வேண்டும். முதல்நாளும் பிறகும் என்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், கொக்கட்டிச்சோலை)

முதலில், உரப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வராதீர்கள். வெயிலில் பஸ்ஸுக்குள் அந்தப் பை அடுப்பாகிவிடும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி வந்தால் அந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்கப் பயமாக இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாய்க்கு வாய் கவிழ்த்து, சுற்றிவரக் கயிறால் கட்டி, உள்ளே உங்கள் வீட்டுப் பழைய சாரம் ஒன்றை விரித்து விடுங்கள். தெரிந்த மணம் இருந்தால் பூனை அடங்கியிருக்கும். காலை முதல் பஸ்ஸில் வருவது நல்லது.

பட்டினி விடயத்தில் பலர் பிழை விடுகிறார்கள். வளர்ந்த பூனைக்கு முதல்நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தலாம். நாலு மாதக் குட்டியை அப்படி விட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். ஒப்பரேஷனுக்கு மூன்று, நாலு மணித்தியாலம் முன்பு கொஞ்சம் சாப்பாடு கொடுக்கலாம், சரியான நேரத்தை வைத்தியர் சொல்வார். தண்ணீரை மறிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு விடயத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது. மனிதர் விழுங்கும் ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லும், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் முரசு நீலம்பாரிக்கும். வைத்தியர் தந்த வலிமருந்து மட்டும்தான். இரண்டாவது, காயத்துக்கு டெட்டோல் பூசாதீர்கள். பூனை அதை நக்கும், அதுவும் நஞ்சு. மஞ்சளும் பூச வேண்டாம். காயத்தை நக்காமல் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டி போட்டு, பத்து நாள் வீட்டுக்குள், காய்ந்த இடத்தில் வைத்திருந்தால் தானாக ஆறும். மழைநாளில் ஈர முற்றத்துக்கு விடாதீர்கள். மயக்கம் தெளிந்த இரவு கொஞ்சம் தள்ளாடலாம். அடுத்த நாளும் சாப்பிடாவிட்டால், தையல் வீங்கிக் கசிந்தால், முரசு வெளிறினால் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள், தூரத்தைப் பார்க்க வேண்டாம்.

கடுவனுக்கும் தேவையா? அது வீட்டில் குட்டி போடப்போவதில்லையே. சின்னதிலே செய்தால் சிறுநீர் அடைக்கும் என்றும் சொல்கிறார்கள். (வாசகர், அக்கரைப்பற்று)

தேவை. உங்கள் வீட்டில் போடாவிட்டாலும் பக்கத்து வீட்டில் போடும். கடுவன்கள் சண்டை பிடித்துக் கடிபட்டு வருவதில்தான் சீழ்க்கட்டிகளும், கடியால் பரவி, பூனையின் எதிர்ப்புச்சக்தியை அழிக்கும் வைரஸ் நோயும் வருகின்றன. அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. சுவரிலும் அரிசி மூட்டையிலும் சிறுநீர் பீச்சும் பழக்கம் பத்துக் கடுவனில் ஒன்பதுக்கு ஒப்பரேஷனோடு நின்றுவிடும் அல்லது நன்றாகக் குறையும், பழக்கம் தொடங்கும் முன்பே செய்துவிட்டால் இன்னும் நல்லது. சிறுநீர்க் குழாய் சுருங்கும் என்ற பயத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அடைப்புக்கு உடற்பருமனும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் பெரிய காரணங்கள். கருத்தடைக்குப் பிறகு பூனைக்குத் தேவையான சாப்பாடு கால்வாசி அளவு குறையும், ஆனால் பசி குறையாது. அதனால் கேட்கும்போதெல்லாம் கொடுக்காதீர்கள்.

ஒப்பரேஷன் முடிந்த அன்றே கடுவன் மலடாகிவிடாது. வீட்டில் கருத்தடை செய்யாத பெட்டை இருந்தால் ஒன்றரை மாதம் பிரித்து வையுங்கள்.