மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும்

மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 36, விசைத்தறித் தொழிலாளி. மனைவிக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். இனி அவளுக்கு இன்னொரு அறுவை வேண்டாம் என்று நானே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ள நினைக்கிறேன். ஆனால் உடல் பலம் போய்விடும், ஆண்மை குறைந்துவிடும் என்று என் தாயார் அழுகிறார். அவர் சொல்வது உண்மையா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் முடிவை மனமாரப் பாராட்டுகிறேன். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில், தாமே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவன் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் வெறும் 0.3 சதவீதம். பெண்ணுக்குச் செய்யும் அறுவை வயிற்றுக்குள் செல்வது, ஆணுக்குச் செய்வது தோலுக்கு அடியிலேயே முடிந்துவிடுவது என்பதை நினைத்தால், இந்த வித்தியாசம் எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனை தருகிறது. தாயாரின் அச்சத்தையும் குறை சொல்ல மாட்டேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும், நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, பலருக்கு வற்புறுத்தியே, இந்த அறுவை செய்யப்பட்டது. அந்தப் பயம் வீடுகளில் இன்னும் தங்கியிருக்கிறது.

ஆண்மைக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விதைகளிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதற்கும் விந்தணு செல்லும் குழாய்க்கும் தொடர்பே இல்லை. மருத்துவர் தடுப்பது அந்தக் குழாயை மட்டும்தான். விந்து நீரின் பெரும்பகுதி புராஸ்டேட்டிலும் அதை ஒட்டிய சுரப்பிகளிலும் உண்டாவதால் அதன் அளவிலும் உங்களுக்கு வேறுபாடு தெரியாது. உண்டாகும் விந்தணுக்களை உடலே உறிஞ்சிக்கொள்ளும். பலம் குறையாது.

1974இல் சீனாவில் உருவான, கத்தியில்லாத முறைதான் இப்போது அரசு மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. விதைப்பையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளை வழியாகக் குழாயை வெளியே எடுத்து, வெட்டிக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் தையல் தேவைப்படாது, அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் முழு ஓய்வு எடுங்கள். ஒரு வாரத்துக்குப் பாவு உருளை தூக்குவது, சைக்கிள் மிதிப்பது, தாம்பத்தியம் ஆகியவற்றைத் தவிர்த்து, இறுக்கமான உள்ளாடை அணியுங்கள். சர்க்கரை நோய், குடலிறக்கம், விரைவீக்கம் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், சீழ் வைத்தால் உடனே போய்க் காட்டுங்கள். மிகச் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதையும் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: என் தங்கையின் கணவர் நான்கு மாதங்களுக்கு முன் வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவை) செய்துகொண்டார். இப்போது அவள் இரண்டரை மாதக் கர்ப்பிணி. மாமியார் வீட்டில் அவளைத் தகாத வார்த்தைகளால் பேசுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் தங்கையின் மீது ஐயப்படுவதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்பதை அந்த வீட்டாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியே சொல்லுங்கள். குழாயைக் கட்டிய பின்பும், கட்டுக்கு மேலே ஏற்கெனவே சேர்ந்திருக்கும் விந்தணுக்கள் பல வாரங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மூன்று மாதம் ஆணுறையோ வேறு கருத்தடையோ பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று எழுத்தில் வாங்கிய பின்னரே பாதுகாப்பை விட வேண்டும் என்கிறோம். நீங்கள் சொல்லும் கணக்குப்படி கரு உண்டானது அந்த மூன்று மாதத்துக்குள்தான். சிகிச்சை முடிந்து ஆண்கள் பலர் பரிசோதனைக்கு வருவதே இல்லை. அவர்களுடைய அலட்சியத்தின் பழியை மனைவி சுமப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் இப்போதாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இன்று விந்தணு இல்லை என்று முடிவு வந்தாலும், கரு உண்டான நாளிலும் இல்லை என்று அதற்குப் பொருள் ஆகாது. விந்தணு இருப்பதாகத் தெரிந்தால், குழாய் மறுபடி இணைந்திருக்கலாம். பரிசோதனையில் தேறியவர்களிலும் சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு இவ்வாறு நேர்வது உண்டு. சிகிச்சை செய்த மருத்துவமனைக்குத் தம்பதியராகச் சென்று பேசுங்கள். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் தங்கையுடையது. அதற்கான ஆலோசனையை இந்த வாரமே பெறுவது நல்லது.

கேள்வி: எங்களுக்கு ஒரே குழந்தை, நான்கு மாதம் ஆகிறது. இப்போது செய்துகொண்டு, பிற்பாடு வேண்டுமானால் குழாயை இணைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். மறுபடி இணைக்கும் அறுவை நுண்ணோக்கியின் துணையோடு பல மணி நேரம் நடப்பது. ஆண்டுகள் கூடக்கூடக் குழந்தைப்பேற்றுக்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பிற்பாடு என்ற எண்ணம் மனதில் இருக்கும்வரை இந்தச் சிகிச்சை உங்களுக்கு உரியதல்ல. குறைந்தது ஒரு குழந்தைக்காவது ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அரசு நெறிமுறையும்கூட. இப்போதைக்கு ஆணுறையோ, உங்கள் மனைவி விரும்பினால் காப்பர்-டியோ போதும்.