கிரான்போர்ன், சாலிஸ்பரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1866 ஒரிசா பஞ்சத்தைப் பற்றிப் படிக்கையில் லண்டன் அமைச்சரவையின் இந்தியா மந்திரி ‘லார்ட் கிரான்போர்ன்’ என்று வருகிறது. பத்து வருடம் கழித்து, நம் தாது வருஷப் பஞ்சத்தின்போது ‘லார்ட் சாலிஸ்பரி’. இருவரும் ஒரே ஆள் என்கிறார் நண்பர். ஆனால் கிரான்போர்ன், தேர்தலில் வென்றவர்கள் அமரும் காமன்ஸ் சபையின் உறுப்பினராம். பிரபுவுக்கு அங்கே என்ன வேலை?

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர் சொன்னது சரி. ஒரே ஆள், மூன்று பெயர்கள்.

1830ல் ஹாட்ஃபீல்ட் மாளிகையில் பிறந்த ராபர்ட் செசில், சாலிஸ்பரியின் இரண்டாம் மார்க்வெஸுக்கு (பிரபுக்களில் ஓர் உயர்ந்த படி) மூத்த பிள்ளை அல்ல. மார்க்வெஸின் இளைய மகன்களுடைய பெயருக்கு முன்னால் ‘லார்ட்’ சேர்ப்பது வழக்கம். மூத்தவரோ தந்தையிடம் உள்ள கீழ்ப்படிப் பட்டம் ஒன்றைப் போட்டுக்கொள்வார். இந்தக் குடும்பத்தில் அது கிரான்போர்ன். இரண்டுமே மரியாதைக்கு அழைப்பதுதான். சட்டப்படி பட்டம் தந்தை ஒருவருடையது. ஆகவே மகன்கள் தேர்தலில் நிற்கலாம். 1853ல் ஸ்டாம்ஃபோர்ட் தொகுதியிலிருந்து காமன்ஸுக்குள் நுழைந்தபோது இவர் லார்ட் ராபர்ட் செசில். (‘செசில் பிரபு’ என்று நாம் எழுதுவது தவறு, இளைய மகனுக்கு முதற்பெயர் இல்லாமல் ‘லார்ட்’ வராது.)

1865ல் அண்ணன் இறந்தார், இவர் கிரான்போர்ன் ஆனார். அந்தப் பெயரில்தான் 1866 ஜூலையில் இந்தியா மந்திரி. வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா பிடிக்காமல் அடுத்த மார்ச்சில் ராஜினாமா. 1868 ஏப்ரலில் தந்தை இறந்ததும் உண்மையான பட்டமே வந்துவிட்டது. காமன்ஸ் இடம் போய், பிரபுக்கள் சபை. 1874 முதல் 1878 வரை மறுபடி இந்தியா மந்திரி, பிறகு வெளியுறவு, 1885 முதல் 1902க்குள் மூன்று முறை பிரதமர்.

எனவே பெயரைவிட ஆண்டைப் பாருங்கள். 1868க்குப் பிறகு 1903 வரை காமன்ஸில் ‘கிரான்போர்ன்’ என்று வந்தால் அது இவருடைய மூத்த மகன். 1937ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் செசிலும் மகன்தான். ஹாட்ஃபீல்டைக் கட்டிய ராபர்ட் செசில், ஜேம்ஸ் மன்னர் காலத்து முன்னோர். பொருளகராதிகளில் இவர்கள் கலந்துகிடப்பதுண்டு. இன்னொரு பொறி: பிரதமர்களே வழக்கமாக வகிக்கும் ‘கருவூலத்தின் முதல் பிரபு’ என்ற பதவியின் பட்டியலில் தேடினால் இவரைப் பெரும்பாலும் காணமுடியாது. வெளியுறவைத் தன் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதவியை டபிள்யூ. எச். ஸ்மித், பிறகு தன் சகோதரி மகன் பால்ஃபர் என்று மற்றவர்களிடம் விட்டிருந்தார்.

இரண்டு பேர் என்று படித்தால் பஞ்சத்தின் கதையே மாறிவிடும். ஒரிசாவில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். பதவியேற்று முதல் இரண்டு மாதங்கள், கல்கத்தா அதிகாரிகளை நம்பி ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக இவர் பின்னாளில் தன்னையே நொந்துகொண்டார். 1874 பீகார் பஞ்சத்தில் அரசு தாராளமாக அரிசி வாங்கி இறக்கியபோது அதை ஆதரித்தவரும் இவர். 1877ல் சென்னை மாகாணத்து நிவாரண வேலைக்காரர்களின் கூலியை, வைஸ்ராய் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தாரே, அப்போதும் லண்டனில் மந்திரி இவரேதான்.