வாசகர் கேள்விகள்: ஐந்தாண்டுகள் பதுங்கியிருந்த எபோலா

கேள்வி: நோயாளியிடம் எடுத்த வைரஸின் மரபணுவைப் படித்துவிட்டு, அது எங்கிருந்து, எப்போது வந்தது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். வைரஸுக்குள் ஊரும் தேதியுமா எழுதியிருக்கிறது?
- ஒரு வாசகர், பழநி

பதில்: ஊரும் தேதியும் மாதிரி எடுத்த குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில்தான் இருக்கின்றன, வைரஸுக்குள் இருப்பவை படியெடுக்கும்போது நேர்ந்த பிழைகள். எபோலா வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 19,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. நோயாளியின் செல்களுக்குள் அது திரும்பத் திரும்பப் படியெடுக்கப்படுகையில் எங்கோ ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அந்த மாற்றம் நிலைத்துவிட்டால், அந்த வழியில் பின்னர் தொற்றுப் பெறுவோரின் வைரஸிலும் அதே இடத்தில் அதே மாற்றம் தொடரும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர்கள், இரண்டு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் இரண்டுக்கும் மூல ஏடு ஒன்று என்று கொள்வதும் இம்முறையில்தான். இந்தப் பிழைகளையும் மாதிரி எடுத்த இடம், நாள் பற்றிய குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் வைரஸின் வம்சாவளி கிடைக்கிறது. குறிப்பில்லாத மரபணுத் தரவு அதிகம் பேசாது. ஆய்வகத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதியாவது கிராமம் கிராமமாகச் சென்று விவரம் சேகரித்தவர்களுக்குச் சேர வேண்டும் என்பது என் கருத்து.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவிய 2014-இல், அங்குள்ள சியேரா லியோன் நாட்டின் கெனெமா அரசு மருத்துவமனைக்கு வந்த மாதிரிகளைக் கொண்டு 78 நோயாளிகளின் 99 மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்டன. விலங்குகளிடமிருந்து நோய் மீண்டும் மீண்டும் தாவுகிறதா, ஒருமுறை தாவியதுதான் மனிதரிடையே பரவுகிறதா என்ற ஐயத்துக்கு அவை விடை தந்தன: ஒருமுறை தாவியதுதான். அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்குள் அதன் ஆசிரியர்களில் ஐவர் எபோலாவுக்கே பலியாகிவிட்டனர். கெனெமாவில் சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் ஷேக் உமர் கான் அவர்களுள் ஒருவர்.

கேள்வி: 2021-இல் கினி நாட்டில் மீண்டும் தோன்றிய எபோலா, பழைய நோயாளி ஒருவரின் உடலில் ஐந்தாண்டுகளுக்கும் மேல் தங்கியிருந்தது என்று படித்தேன். இது ஊகமா, நிரூபணமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த நபர் யார் என்பது நிறுவப்படவில்லை. ஆனால் மற்ற விளக்கங்கள் நிற்க முடியாத அளவுக்குச் சான்று வலுவானது. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 28,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற அந்தக் கொள்ளைநோயின்போது, வைரஸ் ஆண்டுக்குச் சுமார் 20 எழுத்துகள் என்ற வேகத்தில் மாறிவந்தது. அது யாரும் அறியாமல் மனிதரிடையே தொடர்ந்து பரவியிருந்தால், 2021-க்குள் நூறுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்திருக்க வேண்டும். 2021-இல் கினியின் என்சரேகோரே பகுதியில் எடுத்த மாதிரிகளில் காணப்பட்டவையோ ஒரு டஜன் அளவே. அப்படியானால் வௌவால் போன்ற விலங்கிடமிருந்து புதிதாக வந்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கும் இடமில்லை, முந்தைய கொள்ளைநோயின்போது, மனிதரிடையே பரவுகையில் வைரஸின் மேற்புரதத்தில் தோன்றிய ஏ82வி என்ற மாற்றம் புதிய மாதிரிகளிலும் இருந்தது. எஞ்சுவது ஒன்றே: குணமடைந்த ஒருவரின் உடலில், நோய் எதிர்ப்பாற்றல் எளிதில் எட்டாத ஏதோ ஓரிடத்தில், வைரஸ் பெருகாமலோ மிக மெதுவாகப் பெருகியோ இருந்திருக்கிறது.

விந்தில் எபோலா நெடுநாள் தங்கும் என்பது முன்பே தெரியும். நோயுற்றுச் சுமார் 470 நாள்களுக்குப் பின் ஒருவரிடமிருந்து தொற்று பரவியதை 2016-இல் கினியிலேயே மரபணுப் பகுப்பாய்வு காட்டியது. ஐந்தாண்டு என்பதைத்தான் எவரும் எதிர்பார்க்கவில்லை. இந்தச் செய்தியைச் சொல்லும்போது எச்சரிக்கை தேவை. பிழைத்தவர்கள் பல்லாயிரம் பேர். இப்படி நேர்ந்தவை மிகச் சில. ஏற்கெனவே ஊராரால் ஒதுக்கப்பட்டு வருந்தியவர்களை இது மேலும் ஒதுக்க வைத்தால், அவர்கள் பரிசோதனைக்கு வருவதே நின்றுபோகும்.

கேள்வி: இத்தகைய ஆய்வுக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாமா? முடிவு வருவதற்குள் நோய் பரவிவிடாதா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: முன்பு அப்படித்தான், மாதிரிகளைக் கடல் கடந்து அனுப்பிக் காத்திருந்தார்கள். 2015-இல் கினிக்குச் சென்ற ஒரு குழு, ஆய்வகக் கருவிகளைச் சாதாரண விமானப் பயணப் பெட்டிகளிலேயே எடுத்துச் சென்றது. அவற்றில் முக்கியமானது மின்அயான் என்ற, உள்ளங்கையில் அடங்கும் கருவி, மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகி இயக்கலாம். வைரஸின் ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வாக மாற்றி, துண்டு துண்டாகப் பெருக்கி, மிக நுண்ணிய துளைகள் வழியே செலுத்துகிறார்கள். இழை நகரும்போது மின்னோட்டம் மாறுவதைக் கொண்டு எழுத்துகள் அறியப்படுகின்றன. 142 மாதிரிகள் இவ்வாறு படிக்கப்பட்டன. மாதிரி கைக்கு வந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே முடிவு தர முடிந்தது.

கேள்வி: அப்படியென்றால் இன்னாரிடமிருந்து இன்னாருக்குத் தொற்றியது என்று உறுதியாகச் சொல்லிவிடலாமா?
- அதே வாசகர்

பதில்: பெரும்பாலும் முடியாது. எபோலாவில் ஓர் எழுத்து மாறச் சராசரியாக இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகிறது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றவும் ஏறக்குறைய அதே காலம்தான். ஆகவே ஒரே வீட்டில் நோயுற்ற மூவரின் வைரஸும் ஓர் எழுத்துகூட வேறுபடாமல் இருக்கலாம். இவருக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்பதை மரபணு உறுதியாகச் சொல்லும். தொடர்பு உண்டு என்றால் யார் முதலில் என்பதை, யார் எப்போது காய்ச்சலில் விழுந்தார், யாரை யார் பார்த்துக்கொண்டார் என்று கேட்டறிந்துதான் முடிவு செய்ய வேண்டும்.