ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப ஓட ஆரம்பிச்சேன், ஏற்காடு மலை ஓடி ஏறுறது ஓகே, ஓடி இறங்குனா தொடை போச்சுன்னு கேட்டவருக்கு

இறக்கம் முழுசையும் ஓடாதீங்க ப்ரோ, அதான் மேட்டரே. ஏத்தம் நீங்க பண்ற மாதிரியே போங்க, இறங்குறப்ப நடந்து வந்து அடிவாரத்துல கடைசி பத்து நிமிஷம் மட்டும் குட்டி குட்டி அடியா வச்சு ஓடுங்க.

ரெண்டு வருஷ கேப்புக்கு அப்புறம் மூச்சு சீக்கிரம் செட் ஆயிடும், தொடை ஆகாது. இறங்குறப்ப முன்தொடை தசை நீண்டுக்கிட்டே பிரேக் புடிக்கணும், பழக்கம் விட்டுப் போன தசைக்கு அதுதான் அடி, ஞாயித்துக்கிழமை ஓடிட்டு செவ்வாய்க்கிழமை படி இறங்க முடியலன்னு சொன்னீங்கல்ல, வலி அப்படித்தான் லேட்டா உச்சத்துக்குப் போகும். நல்ல விஷயம், கொஞ்சமா இறங்கிப் பழகுனாலே அடுத்த தடவை வலி நல்லாவே குறையும்.

ஒரு செக்: வீட்டுப் படி விளிம்புல ஒத்தக்கால்ல நின்னு இன்னொரு காலோட குதிகாலை மெதுவா, மூணு எண்ணி, கீழ்ப்படியில தொடுங்க. முட்டி உள்ள சாயுதா? அப்போ மலைக்கு முன்னாடி இதையே வாரம் ரெண்டு மூணு நாள் எக்சர்சைஸா பண்ணுங்க.

முட்டி வீங்குனா, இல்ல வெளிப்பக்கம் ஒரே இடத்துல குத்துச்சுன்னா பிசியோகிட்ட காட்டுங்க. யூரின் கோலா கலர்ல வந்தா மட்டும் அன்னைக்கே ஆஸ்பத்திரி, வெயிட் பண்ணாதீங்க.