நீளமான ஒலிப்பதிவைப் பைத்தானில் தனித்தனித் துண்டுகளாகப் பிரிப்பது எப்படி?

வெட்டும் முன், பதிவில் யாரும் பேசாத இடம் எத்தனை டெசிபெல் என்று அளந்துவிடுங்கள். அதை அளக்காமல் இறங்கியதில் எனக்கு இரண்டு ராத்திரி போனது.

எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு பழைய கேசட்டில் இருந்தன. கணினிக்கு மாற்றியபோது ஒரு பக்கம் முழுக்க 30 நிமிட வேவ் கோப்பாக வந்தது. அத்தைமார் ஆளுக்கொரு பாட்டு கேட்டார்கள். பைத்தானின் பைடப் (pydub) என்ற ஒலி நூலகத்தில், மௌனம் வரும் இடங்களில் பதிவை வெட்டித் தரும் ஸ்பிளிட்_ஆன்_சைலன்ஸ் (split_on_silence) இருக்கிறதே என்று உட்கார்ந்தேன்.

இங்கே உச்ச ஒலிதான் 0 டெசிபெல்; ஒலி குறையக் குறைய எண் மைனஸில் இறங்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது −16 டெசிபெலுக்குக் கீழே உள்ளதையெல்லாம் மௌனம் என்று எடுத்துக்கொள்ளும். அப்பத்தாவின் குரலே சராசரி −25தான். ஒரு துண்டுகூட வரவில்லை. எல்லையை −50க்கு இறக்கினேன். கேசட் இரைச்சல் −46 என்பதால் மௌனமே இல்லையென்று முழுப் பக்கத்தையும் ஒரே துண்டாகத் தந்தது. −40 வைத்ததும் பிரிந்தது. இந்த எண் உங்கள் பதிவுக்குப் பொருந்தாது. பாட்டுகளுக்கு நடுவே இரண்டு வினாடியை எடுத்து அதன் டிபிஎஃப்எஸ் (dBFS) மதிப்பை, அதாவது இந்த டெசிபெல் அளவின் சராசரியைப் பாருங்கள். அதைவிட ஐந்தாறு டெசிபெல் கூட்டி வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஓசை இல்லாவிட்டால் வெட்டுவது என்ற மௌன நீளம் (min_silence_len) இயல்பாக 1000 மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடி. ஒப்பாரியில் ஓர் அடி முடிந்து அடுத்தது எடுக்குமுன் அப்பத்தா அதைவிட நேரம் மூச்சு வாங்கும். ஒரே ஒப்பாரி ஏழு துண்டானது. 2500 ஆக்கினேன். துண்டின் இரு முனையிலும் எவ்வளவு மௌனத்தை விட்டுவைப்பது என்ற கீப்_சைலன்ஸை (keep_silence) 100லிருந்து 600 மில்லிவினாடிக்கு ஏற்றினேன். இல்லையென்றால் கடைசி ‘ஆராரோ’ தேய்ந்து அடங்கும் இடம் அறுந்துபோகிறது. எனக்கு அந்தத் தேய்வுதான் பாட்டு.

கடைசியில் நான் நிலைத்தது அதே பைடப்பின் டிடெக்ட்_நான்சைலன்ட்டில் (detect_nonsilent). அது எதையும் வெட்டாது; தொடக்கம், முடிவு நேரங்களை மட்டும் மில்லிவினாடியில் தரும். அந்தப் பட்டியலைக் காதால் கேட்டுத் திருத்திய பிறகு ஆடியோ[12000:95000] என்று, அதாவது 12ஆம் வினாடியிலிருந்து 95ஆம் வினாடி வரை, நீங்களே நறுக்கலாம். இரண்டு தாலாட்டுகளை அப்பத்தா இடைவெளியே விடாமல் சேர்த்துப் பாடியிருந்தது. அதை எந்த எண்ணாலும் பிரிக்க முடியாது, கையால்தான் பிரித்தேன். எத்தனை மில்லிவினாடிக்கு ஒருமுறை மௌனத்தைச் சோதிப்பது என்ற சீக்_ஸ்டெப்பை (seek_step) 1லிருந்து 10 ஆக்கினால் வேகமாக ஓடும்.

மூன்று மணி நேரச் சொற்பொழிவைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டத்தான் வேண்டுமென்றால் பைடப் வேண்டாம். அது முழுக் கோப்பையும் மெமரியில் ஏற்றும். எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற கட்டளைவரிக் கருவியில், சம நேரத் துண்டுகளாக வெட்டும் செக்மென்ட் (-f segment) போட்டு, ஒலியை மறுபடி குறியாக்காமல் அப்படியே நகலெடுக்கும்படி கோடெக்கை காப்பி (-c copy) என்று கொடுங்கள். தரம் குறையாது, சட்டென்று முடியும்.

வெட்டிய துண்டுகளை வேவ் ஆகவே சேமியுங்கள். எம்பி3 பிரதி வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்.