கப்பல் கிளம்பும் அன்றைக்கே விமானத்தில் போய் இறங்கினால் போதுமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு எங்கள் உல்லாசக் கப்பல் கிளம்புகிறது, டிசம்பர் முதல் வாரம். அன்று அதிகாலை 12.50-க்கு சென்னையில் ஏறி, காலையில் சிங்கப்பூர் போய் இறங்குவது போல டிக்கெட் பார்த்திருக்கிறோம். அப்பா அம்மா, நாங்கள் இருவர், இரண்டு குழந்தைகள். முதல் நாளே போய்விடச் சொல்கிறார்கள், ஆனால் ஒரு நாள் ஓட்டல் செலவு வீண் என்று தோன்றுகிறது. திரும்பும் நாளில் அன்றிரவே விமானம் பிடிக்கலாமா?

பதில்:

போகலாம், பெரும்பாலும் ஏறியும் விடுவீர்கள். ஆனால் ஆறு பேர், அதில் இரண்டு பெரியவர்கள் இரண்டு குழந்தைகள், அதுவும் டிசம்பரில் சென்னையிலிருந்து என்றால் நான் போகமாட்டேன். சிங்கப்பூரில்தான் இருக்கிறேன், ஊரிலிருந்து கப்பலுக்கென்று வரும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதே கேள்வியோடு போன் செய்வார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். வெள்ளிக்கிழமை 12.50 என்றால் வியாழக்கிழமை இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், வெள்ளிக்கிழமை இரவு பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு. ‘முதல் நாளே வா’ என்று யாராவது சொன்னால், அது புதன் இரவு கிளம்பி வியாழன் காலையில் இறங்குவது. வியாழன் இரவு கிளம்புவதை முதல் நாள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது கப்பல் நாளேதான்.

இப்போது கணக்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். ஆக 7.20 வாக்கில் இறங்குவீர்கள். 5 மணிக் கப்பலுக்கு இன்னும் பத்து மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். அந்த 5 மணி என்பது கப்பல் கயிற்றை அவிழ்க்கும் நேரம், நீங்கள் ஏறும் நேரம் இல்லை. நிறுவனத்தைப் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன்னை மூடிவிடுவார்கள். கப்பல் ஏறுவதும் நாட்டைவிட்டு வெளியேறுவதுதான், பாஸ்போர்ட் சோதனை, பை சோதனை எல்லாம் முனையத்துக்குள்ளேயே நடக்கும், பயணிகள் பட்டியல் முடிந்து கைமாற வேண்டும், துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமி குறித்த நேரத்துக்கு வந்து நிற்பார். யாரோ ஆறு பேருக்காக இதில் எதுவும் தள்ளிப்போகாது.

அதனால் உங்கள் கெடு 3.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணினால், சாங்கி விமான நிலையத்திலிருந்து மரினா பே கப்பல் முனையத்துக்கு டாக்சியில் அரை மணி நேரம் (ஆறு பேருக்குப் பெரிய வண்டி கேட்க வேண்டும்), குடிநுழைவு வரிசை, பெட்டி வருவது, அம்மா ஒரு தடவை கழிவறை போய்வருவது எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். மதியம் 1.30-க்குள் தரையிறங்கினால்தான் ஏற முடியும். ஆக உங்கள் கையில் உள்ள இடைவெளி பத்து மணி நேரம் இல்லை, ஆறு.

ஆறு மணி நேரம் தாமதத்துக்குத் தாராளம். சாதாரணத் தாமதம் இரண்டு மணி, மூன்று மணிதான். விமானம் ரத்தானால்தான் சிக்கல். எல்லோரும் ‘எத்தனை மணிக்கு இறங்கினால் போதும்’ என்று கேட்கிறார்கள், நான் கேட்கச் சொல்வது வேறு: இந்த விமானம் போகவில்லை என்றால் அடுத்தது எது, அதில் ஆறு இடம் கிடைக்குமா? இரவு 12.50 விமானத்தை 3 மணிவரை இழுத்துவிட்டு ரத்து என்று சொன்னால், அடுத்து காலையில்தான் ஏதாவது கிடைக்கும். 9 மணிக்குக் கிளம்பும் விமானம் இங்கே பிற்பகல் 3.30-க்கு இறங்கும். கதை முடிந்தது. அதிலும் ஒருவருக்கு இடம் கிடைக்கும், ஆறு பேருக்கு ஒரே விமானத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு. மதுரை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். வசதிதான், ஆனால் அங்கே சென்னை அளவுக்கு விமானங்கள் இல்லை, ஒன்று போனால் அடுத்ததற்குக் காத்திருப்பது இன்னும் நீளும். கொழும்பு வழி, கோலாலம்பூர் வழி என்று மலிவாகக் கிடைக்கும் மாறிச்செல்லும் டிக்கெட்டைக் கப்பல் நாளில் தொடவே வேண்டாம், அதுவும் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

அப்புறம் மாதம். நீங்கள் சொல்வது டிசம்பர் முதல் வாரம், சென்னை விமான நிலையத்துக்கு அதைவிட மோசமான வாரத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதைக்கே தண்ணீர் வந்து பல நாள் மூடிக் கிடந்தது. 2023-இல் மிக்ஜாம் புயல், டிசம்பர் 4 காலையில் மூடியவர்கள் மறுநாள் காலையில்தான் திறந்தார்கள். 2024-இல் பெஞ்சல், நவம்பர் 30 பகலில் மூடி நள்ளிரவு தாண்டித்தான் திறந்தார்கள். ஜனவரியில் போகி அன்று அதிகாலை புகையும் பனியும் சேர்ந்துகொண்டு விமானங்களைத் தடுமாறவைக்கும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு கறாராக இருந்திருக்காது. வயதானவர்கள் இல்லாத இரண்டு பேர், நேரடி விமானம், காலை 8 மணிக்குள் இறங்குவது, அதே வழியில் பின்னால் இன்னும் விமானம் இருப்பது என்றால் துணிந்து வாருங்கள் என்றே சொல்வேன்.

விமானம் வந்து சேர்ந்தாலும் பெட்டி வந்து சேர வேண்டும், இதை யாரும் யோசிப்பதில்லை. என் சித்தப்பா குடும்பம் இப்படித்தான் அன்றைக்கே வந்தார்கள். விமானம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம், பரவாயில்லை, கப்பலுக்கு நேரம் இருந்தது. ஆனால் சித்தப்பாவின் பெட்டி மட்டும் வரவில்லை. பெட்டிகள் வரும் பட்டை மூன்று சுற்று சுற்றி நின்றே போய்விட்டது, இவர் அது மறுபடி ஓடும் என்று அங்கேயே நிற்கிறார், சித்தி கையைப் பிடித்து இழுக்கிறார். விமான நிறுவனத்தின் கவுண்டரில் புகார் எழுதும்போது ‘எந்த முகவரிக்கு அனுப்ப’ என்று கேட்டால், மூன்று நாள் கடலில் இருக்கப்போகிறவர் என்ன முகவரி கொடுப்பார்? என் வீட்டு முகவரியைக் கொடுத்தார்கள். பெட்டி மறுநாள் சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தது, அந்நேரம் கப்பல் மலாக்கா நீரிணையில். கைப்பையில் இருந்த ஒரு வேட்டியும் கப்பல் கடையில் வாங்கிய நங்கூரம் போட்ட டி-ஷர்ட்டும்தான் அவருக்கு மூன்று நாளும். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் சர்க்கரை மாத்திரை கைப்பையில் இருந்தது அதிர்ஷ்டம், சித்தி அதைக் கடைசி நிமிடத்தில் எடுத்து வைத்தாராம்.

பெட்டி ஒழுங்காக வந்தாலும் கைப்பை முக்கியம். முனையத்து வாசலிலேயே பெரிய பெட்டிகளில் அறை எண் ஒட்டி வாங்கிக்கொள்வார்கள், அவை உங்கள் அறை வாசலுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். பாஸ்போர்ட், மாத்திரை, குழந்தைகளுக்கு ஒரு மாற்றுடை, நீச்சல் உடை எல்லாம் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே திறந்து தேடுகிறவர்களைப் பார்க்கலாம்.

தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று டிராவல்ஸ்காரர் சொல்லியிருப்பார். இங்கிருந்து போகும் பல கப்பல்கள் அடுத்து போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் பக்கம்தான் நிற்கும், பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், உண்மை. ஆனால் நடுவழியில் ஏறுவதற்குக் கப்பல் நிறுவனம் முன்கூட்டியே அனுமதி தர வேண்டும், எல்லா நேரமும் தரமாட்டார்கள், அந்த நாட்டுக்குள் நுழையும் தாளும் வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி தருகிறது, நீங்கள் போகும்போது அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஆறு பேருக்கு அன்றைய விலையில் டிக்கெட். அந்தக் காசுக்கு ஓட்டலில் இரண்டு இரவு தங்கலாம்.

அமெரிக்காவில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள், உங்களுக்கு ஒரு பத்தி. அங்கே துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள தூரம் ஊருக்கு ஊர் மாறும். ஃபோர்ட் லாடர்டேலில் இறங்கினால் போர்ட் எவர்கிளேட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, ஆர்லாண்டோவில் இறங்கினால் போர்ட் கனாவரலுக்கு ஒரு மணி நேரம் சாலைவழி. ஜனவரியில் நியூவார்க், சிகாகோ பனியை நம்பி அன்றைக்கே கிளம்பாதீர்கள். இன்னொன்று, ஒரே துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே திரும்பும் கரீபியன் பயணங்களுக்கு அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் காட்டி ஏறலாம், பாஸ்போர்ட் தேவையில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதை நம்பிப் பாஸ்போர்ட் எடுக்காமல் வருவார்கள். கப்பலை விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு, பஹாமாஸின் நசாவ் (Nassau) போன்ற இடத்துக்கு, விமானத்தில் போய்ப் பிடிக்கப் பாஸ்போர்ட் வேண்டும், அப்போது வீட்டுக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை.

காப்பீடு இருக்கிறது என்று தைரியமாக இருப்பவர்கள் பாலிசியை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். பல பாலிசிகளில் விமானத் தாமதத்துக்கு, அதுவும் இத்தனை மணி நேரம் தாண்டினால், ஒரு சிறிய தொகைதான். போன கப்பலின் கட்டணம் அதில் வராது. கப்பல் பயணத்துக்கென்று தனியாகச் சேர்க்கும் பிரிவு இருந்தால், புறப்பாட்டைத் தவறவிட்டால் என்ன தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஏறாமல் விட்டவர்களுக்குக் கப்பல் நிறுவனம் பொதுவாகப் பணம் திருப்பித் தராது. சில நிறுவனங்கள் விமான டிக்கெட்டையும் தாங்களே விற்கிறார்கள். அப்படி வாங்கியிருந்தால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களே ஏற்பாடு செய்வார்கள், கொஞ்சம் விலை கூடுதல்.

ஓட்டல் செலவு பற்றி. வியாழன் காலையில் இறங்கி, லிட்டில் இந்தியாவில் சாதாரண அறை எடுத்து, சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டுவிட்டு மத்தியானம் தூங்கி எழுந்தால், மறுநாள் கப்பலில் முதல் நாளை அனுபவிக்கலாம். அன்றைக்கே வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரவெல்லாம் விழித்திருந்து வந்து, அறை கிடைக்க மத்தியானம் ஆகும் என்பதால் அப்பா ஒரு நாற்காலியில், குழந்தைகள் பெட்டி மேலே, ராத்திரி நிகழ்ச்சி தொடங்கும்போது குடும்பமே குறட்டை. கட்டிய பணத்தில் ஒரு நாள் தூக்கத்தில் போகிறது, அது மட்டும் வீண் இல்லையா?

இதையெல்லாம் கேட்டும் அன்றைக்கே வருவதாக இருந்தால், 12.50-ஐ விட்டுவிட்டு வியாழன் இரவு அதற்கு முன்னால் கிளம்புவது ஏதாவது இருந்தால் அதை எடுங்கள், பின்னால் இன்னொன்று மிச்சம் இருக்கும். டாக்சியில் ஏறியதும் மரினா பே முனையம் என்று சொல்லுங்கள், ஆனால் பயணச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஹார்பர்ஃபிரண்ட்டில் இன்னொரு கப்பல் முனையம் இருக்கிறது, வெறுமனே ‘குரூஸ் சென்டர்’ என்றால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

திரும்பும் நாளுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். கப்பல் காலையில் வந்துவிடும், முற்பகலுக்குள் வெளியே வந்துவிடுவீர்கள், இரவு விமானம் தாராளம், பிற்பகல் விமானம்கூடப் போதும். ஆனால் சிங்கப்பூருக்குள் அது உங்களுக்கு இரண்டாவது நுழைவு. விசா பலமுறை நுழையும் வகையா என்று இப்போதே பாருங்கள், சிங்கப்பூர் வருகை அட்டையை அந்த நுழைவுக்கும் தனியாக, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குப் பணம் எதுவும் இல்லை. கப்பலில் வைஃபைக்குக் காசு வாங்குவார்கள், அதனால் கடைசித் துறைமுகத்தில் இறங்கும்போது போனில் முடித்துவிடுங்கள்.